மூன்றில் ஒரு பங்கு வெந்நீர்

கரும்னா ஆற்றங்கரை, புர்திகாலா நகரிலிருந்து அரைநாள் நடை.
கோத்தர்கள் வந்து இறங்கிய வருடம், திராட்சை மிதித்து முடிந்த வாரம்.

கடலுக்கு அந்தக் கரையில், கார்த்தேஜ் நகரில், பேச்சுக்கலை ஆசிரியர் ரொகாட்டஸின் மனைவியாக வீற்றிருக்கும் என் அக்கா மகள் தலாசியாவுக்கு, அக்கித்தானியா மாகாணத்திலேயே மிகச் சுத்தமான மனிதனும் உன் தாய்மாமனுமாகிய உர்சினஸ் எழுதிக்கொள்வது.

எங்கள் நலத்தில் பாதி உன்னோடு அங்கே இருக்கிறது. மீதிப் பாதி இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறது. உன் அத்தை அக்கோனியா சுகம். என் வயிறு சுகமோ சுகம். போன வாரம் மழைக்கு ஒதுங்க இடமில்லாத ஒரு படகுக்காரன் குடும்பத்தோடு அதன் அடியில் நின்று நனையாமல் போனான்.

உன் கடிதம் வந்தது. "வீட்டைப் பங்கு போட வேண்டி வந்தால் என் பங்கைக் கொடுத்துவிடுங்கள் மாமா, நான் இனி அங்கே வந்து வாழப்போவதில்லை" என்று எழுதியிருக்கிறாய். எழுத்து அழகாக இருந்தது. கருத்துக்குத்தான் உன்னை மூலையில் நிற்க வைக்க வேண்டும். உன் அம்மா சாகும்போது கிழக்குக் கட்டை உன் பேரில் எழுதி வைத்தாள். ஆற்றைப் பார்த்த மூன்று அறை, நடுவே பேரிமரம், தரையில் ஒற்றைக்கண் டால்ஃபின் பதித்த நீல அறை. அந்த இன்னொரு கண்ணை ஐந்து வயதில் நோண்டி எடுத்தவள் நீதான். கண்ணைத் திருப்பி வைக்காமல் பங்கை விட்டுக்கொடுக்க எந்தச் சட்டமும் அனுமதிக்காது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நம் பேரரசர் ராவென்னாவில், சதுப்புக்கு நடுவே, தவளைகளின் காவலில் பத்திரமாக இருக்கிறார். அங்கிருந்தபடியே, கோத்தர்கள் இனி நம் நண்பர்கள், அக்கித்தானியாவில் குடியேறட்டும் என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருடத்துக்கு முன் ரோமாபுரியையே துடைத்து எடுத்தவர்கள் இப்போது நண்பர்கள். வீட்டுக்கு ஒரு நண்பர். சட்டம் அவனை விருந்தாளி என்கிறது. விருந்தாளி என்றால் மூன்றாம் நாள் கிளம்புகிறவன் என்று நினைத்திருந்தேன். இவன் பேரன் பேத்தி எடுத்த பிறகும் கிளம்ப மாட்டானாம்.

முறை இதுதான்: வீட்டை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் பங்கை வீட்டுக்காரன் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை விருந்தாளி எடுப்பான். அவன் விட்ட மிச்சம் மறுபடி வீட்டுக்காரனுக்கு. நம் வீடு ஏற்கெனவே மூன்று கட்டு. கிழக்கே உன்னுடையது. வடக்கே சமையலறையும் படுக்கையறையும் கிடங்கும். அது உன் அத்தையின் பேரரசு. மேற்கே என் குளியல் கட்டு. வெந்நீர் அறை, வெதுவெதுப்பு அறை, குளிர்நீர் அறை. உலையின் அனல் தரைக்கடியில் ஓடி, வெறுங்காலை வைத்தால் உச்சிமுடி வரை சொர்க்கம் ஏறும் இடம். உங்கள் ஊர்க் கடற்கரைக் குளியல் மண்டபத்தில் ஆயிரம் பேர் குளிக்கலாமாம். குளிக்கட்டும். அந்த ஆயிரம் பேரின் அழுக்கும் அங்கேதான் இருக்கும்.

ஊரே ஆலோசனை சொன்னது. முதல் பங்காகக் குளியல் கட்டை எடு, அந்தப் பெண்தான் வேண்டாமென்று எழுதிவிட்டாளே என்றார்கள். உன் அத்தை மட்டும், "மொதல்ல சமையக்கட்டச் சொல்லுங்க. இல்லாட்டி உங்க வெந்நீர்த் தொட்டியிலதான் கஞ்சி காச்சுவேன், பாத்துக்குங்க" என்றாள்.

ஆனால் உன் மாமன் யார்? போர்க்களம் காணாத மாபெரும் தளபதி. இரண்டு நாளில் குளியல் கட்டைப் பாழடைந்த கல்லறையாக மாற்றினேன். கூரையில் முப்பது ஓடுகளைப் பிடுங்கினேன். ஏழு ஆடுகளை உள்ளே குடி வைத்தேன். மீன் சாற்று ஜாடியின் அடிக்கசடைச் சுவரெல்லாம் பூசினேன். அந்த நாற்றத்தில் ஆற்றின் போக்கே இரண்டு முழம் விலகிவிட்டது. வருகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வடக்குக் கட்டைக் கேட்பான், உனக்குக் கிழக்கு, எனக்கு வெந்நீர், அத்தைக்கு நான் இருக்கிறேனே என்று கணக்குப் போட்டேன்.

நகரத்திலிருந்து அளவைக்காரர் மெழுகுப் பலகையோடு வந்தார். "மொதப் பங்கு எது, சொல்லும்" என்றார். என் வாய் கிழக்கு என்றது. முழுக்க முழுக்கப் போர்த் தந்திரம். வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

பிறகு விருந்தாளியின் வண்டி வந்து நின்றது. பெயர் குந்தமர். நம் வாசல் தூணை எடுத்துவிட்டு அவனை நிறுத்தியிருக்கலாம், கூரை கொஞ்சம் உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். மனைவி ஹில்தோரா, இடுப்பில் ஒன்றும் பின்னால் இரண்டுமாகக் குழந்தைகள். வண்டியிலேயே பிறந்து, வண்டியிலேயே வளர்ந்து, வண்டியிலேயே பிள்ளை பெற்றவளாம். குந்தமர் நம் பேச்சை உடைத்து உடைத்துப் பேசுகிறான். அவளோ ஆடுகளை விலக்கிக்கொண்டு குளியல் கட்டுக்குள் போனாள். ஆட்டுப் புழுக்கையில் வழுக்கி ஒரு செருப்பு கழன்றது. வெறுங்கால் தரையில் பட்டது.

தலாசியா, உன் மாமன் முப்பது ஓடுகளைப் பிடுங்கினான். ஏழு ஆடுகளைக் கட்டினான். உலையை அணைக்க மறந்துவிட்டான். மறந்தானாவது! அன்று காலையும் குளிக்க வேண்டியிருந்ததே!

அவள் அப்படியே நின்றாள். இன்னொரு செருப்பையும் கழற்றினாள். குழந்தையை இறக்கித் தரையில் உட்கார வைத்தாள். அது இரண்டு கையாலும் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை.

"இதான் வேணும்" என்றான் குந்தமர்.

"ஐயா, அங்க எங்க தாத்தா பேயா அலையறாரு" என்றேன் கடைசி முயற்சியாக.

"குளிருக்குப் பேயும் இங்கதானே வந்து ஒண்டும்! இருந்துட்டுப் போகட்டும்" என்றான்.

அளவைக்காரர் எழுதிக்கொண்டார். உன் அத்தை சமையலறைக்குள் ஓடிப்போய்ப் பாட்டே பாடிவிட்டாள். ஆகையால் என் தந்திரம் மாபெரும் வெற்றி. உன் கட்டு உன்னுடையது, பேரிமரம் உன்னுடையது, ஒற்றைக்கண் டால்ஃபினும் உன்னுடையது. இனி விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதினால் கடிதத்தை ஆட்டுக்குப் போடுவேன். ஏழு இருக்கின்றன.

உன் கணவனுக்கு என் வணக்கம். அவன் பேச்சைக் கேட்பவர்கள் விழித்திருக்கட்டும்.

உன் மாமன்,
கரும்னா ஆற்றின் காவலன், மூன்று குளியலறைகளின் முன்னாள் அதிபதி,
உர்சினஸ்.

கண்ணு, அத்தை எழுதுகிறேன். மாமா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார். ஓடு முப்பது இல்லை, பதினொன்று. ஆடு இரண்டு. ஆறு இருந்த இடத்திலேயே ஓடுகிறது. அளவைக்காரர் கேட்டபோது இவர் பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. குளியல் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் கிழக்கு என்றார். இப்போது கிணற்றடியில் வாளியில் குளிக்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன்.


அதே வீடு, அதே ஆறு.
முதல் குளிர்காலம் முடிந்து, பேரிமரம் பூத்த சமயம்.

அன்பு மருமகள் தலாசியாவுக்கு, உறைபனியில் தவமிருந்து மீண்ட உன் மாமன் உர்சினஸ் எழுதுவது.

பெண் பிறந்த செய்தி கிடைத்தது. குழந்தைக்கு என் மூக்கு என்று எழுதியிருக்கிறாய். பாவம், தலை நிற்க இரண்டு வருடமாகும். அந்த மூக்கின் பாரம் அப்படி. அத்தை கம்பளி நெய்து அனுப்பியிருக்கிறாள். கார்த்தேஜில் குளிரே கிடையாது என்றேன். "கம்பளி குளிருக்கு இல்ல, அத்தை இருக்கான்னு தெரியறதுக்கு" என்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தை எப்படிச் சொல்வது? கிணற்றடியில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் அது தோளுக்கு வருவதற்குள் கட்டியாகிவிடும். உடைத்து எடுத்து உன் அத்தை அதில் மீனைக் கெடாமல் வைத்தாள். அந்தப் பக்கம் விருந்தாளி வீட்டில் என்ன நடக்கிறது? என் வெந்நீர் அறையில் குழந்தைகள் அடுப்பிலிட்ட ரொட்டிபோல வரிசையாகப் படுத்துத் தூங்குகின்றன. வெதுவெதுப்பு அறையில் பாலாடைக் கட்டிகள் அடுக்கியிருக்கின்றன. நான் எண்ணெய் தேய்த்து அழுக்கைச் சுரண்டிக்கொண்டு தத்துவம் யோசித்த பளிங்கு இருக்கையில் இப்போது ஒரு பாலாடைக் கட்டி உட்கார்ந்து யோசிக்கிறது. என்னைவிட வட்டமாக, என்னைவிட வெள்ளையாக.

வைராக்கியமாக ஒரு மாதம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒருநாள் காலை தரையெல்லாம் புகை. குந்தமர் உலையில் ஈரக் கட்டையை அடுக்கி, காற்றுத் துளையில் வைக்கோலை அடைத்து வைத்திருக்கிறான். அனல் தப்பிக்கக்கூடாதாம்! இன்னும் ஒரு நாழி போயிருந்தால் தரை வெடித்து எல்லோரும் அவர்கள் பாலாடைக் கட்டிகளோடு வானுலகம் போயிருப்பார்கள். நான் ஓடிப்போய் வைக்கோலைப் பிடுங்கினேன். முகமெல்லாம் கரி. அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "வீட்டுக்காரரே, இவ்வளவு அழுக்கா இருக்கீங்களே. எப்பவாச்சும் குளிப்பீங்களா?" என்றான்.

அக்கித்தானியாவின் மிகச் சுத்தமான மனிதனிடம் கேட்ட கேள்வி இது!

"தொட்டிய நீங்க வச்சிருக்கீங்களேய்யா" என்று கத்தினேன்.

"கேட்டாத்தானே தெரியும்? நீங்க மொறைச்சுக்கிட்டேதான் போறீங்க. நாங்க உங்க மொகமே அப்படித்தான்னு நெனச்சோம்" என்றான்.

உடன்படிக்கை அன்றே முடிந்தது. ராவென்னாவில்கூட இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. விறகு என் பொறுப்பு, உலையும் என் பொறுப்பு. சனிக்கிழமை மட்டும் குழந்தைகளும் பாலாடைக் கட்டிகளும் வெளியே, நான் உள்ளே. தொட்டியில் இறங்கியபோது என் முனகல் புர்திகாலா துறைமுகம் வரை கேட்டு, கப்பல் வந்துவிட்டதென்று கூலியாட்கள் ஓடிவந்தார்களாம். குந்தமர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "இவ்வளவு தண்ணியில உப்பும் கீரையும் போட்டா ஒரு படைக்கே சூப்பு ஆச்சே" என்றான். நான் எழுந்து போகும்வரை அந்தப் பார்வையை மாற்றவில்லை.

அவர்கள் வெண்ணெயில் சமைக்கிறார்கள். அவர்கள் கோயிலும் தனி, பாதிரியாரும் தனி. மற்றபடி ஜெபம் முடிவதற்குள் பசிக்கிறது என்பதில் இரண்டு கோயிலும் ஒன்றே.

உன் கட்டைப் பற்றி மறுபடி எழுதியிருக்கிறாய். அவர்கள் குடும்பம் பெரிது, நெருக்கடியாக இருக்குமே என்று. ஹில்தோரா மறுபடி மாசமாக இருப்பது உண்மைதான். உண்மை என்பதற்காக எல்லாவற்றையும் எனக்கு எழுத வேண்டுமா? உன் அறைகளைக் கிழமைக்கு ஒருநாள் திறந்து காற்றாட வைக்கிறோம். பேரிமரம் இந்த வருடம் பூத்திருப்பதைப் பார்த்தால் பழத்தை நாங்கள் பறிப்பதா, பழம் எங்களைப் பறிப்பதா தெரியவில்லை.

குழந்தையின் மூக்கை வெயில் படாமல் பார்த்துக்கொள்.

உன் மாமன்,
உலை வேந்தன், சனிக்கிழமைகளின் சக்கரவர்த்தி,
உர்சினஸ்.

அத்தையின் திருத்தம்: முனகல் ஆறு வரைக்கும்தான் கேட்டது. பாலாடைக் கட்டி ருசியாக இருக்கிறது. சமையலறைக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து தின்பது யார் என்று நான் எழுதவில்லை.


அதே வீடு.
ஆறாம் வருடம், பேரிக்காய் பழுத்த நாட்களில்.

அன்பு தலாசியாவுக்கு, சட்டத்தின் கோரைப்பற்களிலிருந்து தப்பி வந்த உன் மாமன் எழுதுவது. இரண்டாவது பெண்ணுக்கும் என் மூக்குதான் என்கிறாய். கார்த்தேஜ் அழகாகிக்கொண்டே வருகிறது.

உட்கார்ந்துகொண்டு படி. உன் கட்டு கையைவிட்டுப் போக இருந்தது.

இன்னும் கோத்தர் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நகரத்தில் புது உத்தரவு போட்டார்கள்: உரிமையாளர் குடியிருக்காத பகுதி எதுவானாலும் புதிதாக வந்தவர்களுக்கு. அடுத்த வாரம் அளவைக்காரர் நேரில் வந்து பார்ப்பார் என்று தாக்கல் வந்தது. இதில் இன்னொரு சங்கடம். குந்தமரின் தம்பி ஃபிரிதிலா மனைவி மக்களோடு ஆற்றுத்துறையில் வண்டியில் கிடந்தான். உன் கட்டு காலி என்று எழுதப்பட்டால், பக்கத்திலேயே அண்ணன் இருப்பதால், அவனுக்குத்தான் வரும். குந்தமர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவனிடம், சொல்லாதே என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவன் தம்பி குழந்தைகள் மழையில் நனைகின்றன. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இறங்கியதெல்லாம் வெறும் ஆறு ரொட்டி, ஒரு தட்டு சிப்பி, கொஞ்சம் பன்றித் தொடை.

ஆனாலும் போராடினேன். உன் பழைய ஆடைகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். உன் அறையில் சாம்பிராணி போட்டேன். உன் அத்தை ஜன்னலைப் பார்த்து, "தலாசியா, எத்தன தடவ சொல்றது, அந்தச் சட்டிய எடுத்து வையிடி" என்று சத்தம் போட்டுப் பழகினாள். மூன்றாம் நாள் நிஜமாகவே உன் மேல் கோபம் வந்து, ஏன் பதிலே சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பழகவில்லை.

அளவைக்காரர் நடுப்பகலில் வந்தார். புது ஆள், மெலிந்த ஆள், எலும்பிலேயே சட்டம் படித்தவர். கொடியில் கிடந்த ஆடையைத் தொட்டுப் பார்த்தார். "துணியில கரப்பான் பூச்சி கடிச்ச ஓட்டை இருக்கே" என்றார். நீல அறையில் படுக்கையைத் தட்டினார். தூசி பறந்தது. "இந்தம்மா படுக்கிறதே இல்லியா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். தலாசியா, நாற்பது வருடமாக ஓயாத வாய் இது, ஒரு வார்த்தை வரவில்லை.

அவர் நேரே முற்றத்தைக் கடந்து குளியல் கட்டுக்குப் போனார். குந்தமர் வாசலில் உட்கார்ந்து சேணம் தைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கிழக்குப் பக்கம் யாரு இருக்கா? நெஜத்தச் சொல்லு. காலின்னா உன் தம்பிக்குத்தான்" என்றார் அளவைக்காரர்.

குந்தமர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தான். எனக்கு அதற்குள் தாடி ஒரு முழம் வளர்ந்துவிட்டது.

"தலாசியாம்மா" என்றான்.

"எங்க அவங்க?"

"உள்ள குளிச்சிக்கிட்டிருக்காங்க."

"வரச் சொல்லு."

"குளிக்கிற பொம்பளய எப்படிங்க வரச் சொல்றது? நீங்க வேணா உள்ள போய்ப் பாருங்க. அதுக்கு உத்தரவுல எடமிருக்கா?"

உள்ளே தண்ணீர் சளக் சளக் என்றது. ஹில்தோரா! அதோடு விட்டாளா? உன் அத்தையிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட நம் தாலாட்டை எடுத்துவிட்டாள். ராகம் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். அளவைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "காத்திருக்கேன்" என்றார். காத்திருந்தார். அவள் தண்ணீரை அடித்தாள். தாலாட்டில் பன்னிரண்டு அடி. அவள் நாற்பத்தேழு பாடினாள். நிழல் நீண்டது. அவர் வயிறு கூவியது. அத்தை பேரிக்காயும் பாலாடைக் கட்டியும் கொடுத்தாள். எல்லாவற்றையும் தின்றுவிட்டு, "இந்தம்மா எப்பவுமே இப்படித்தானா?" என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் என் வாய் திரும்பி வந்தது. "மாமன்கிட்ட வளந்த பொண்ணுங்க. குளிக்க எறங்கினா லேசுல ஏற மாட்டா" என்றேன். அவர் பலகையில் எழுதியதை எட்டிப் பார்த்தேன்: கிழக்குப் பகுதி, உரிமையாளர் வீட்டில் இருக்கிறார், குளிக்கிறார்.

அவர் தலை மறைந்ததும் குந்தமரிடம் கேட்டேன், ஏன்யா இப்படிச் செய்தாய், உன் தம்பி அல்லவா என்று.

"ஆறு வருசமா அந்த மரத்துப் பழத்த என் பிள்ளைங்க தின்னுதுங்க. ஒவ்வொரு தடவயும் உங்க வீட்டம்மா, 'தலாசியாகிட்ட கேட்டுட்டு எடுங்கடா'ன்னுதான் சொல்றாங்க. இதுங்களும் மரத்துக்கிட்ட நின்னு, 'அக்கா, எடுத்துக்கட்டுமா'ன்னு கேட்டுட்டுத்தான் கை வைக்குதுங்க. தெனம் பேசற ஆள எப்படிங்க இல்லன்னு சொல்றது?" என்றான். பிறகு, "நீங்க மொதப் பங்கா எதக் கேட்டீங்கன்னு நானும் அன்னிக்குப் பக்கத்துலதான் நின்னேன்" என்றான்.

அவன் ஏதோ உளறுகிறான். நீ பொருட்படுத்தாதே.

ஃபிரிதிலாவுக்கு வடக்குக் கட்டில் என் திராட்சரசக் கிடங்கைக் கொடுத்துவிட்டேன். நானாக, சட்டம் கேட்காமல். எப்படியும் முப்பது வருடமாக அதைக் காலி செய்யும் வேலையைத் தனி ஆளாகச் செய்துகொண்டிருந்தேன்; கொஞ்சம் விரைவுபடுத்தினேன், அவ்வளவுதான். ஆளுக்கொரு ஜாடி என்று காலி செய்த அன்று இரண்டு கோத்தர்களும் நானும் மூன்று மொழியில் பாடினோம். மூன்றாவது மொழி எது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

வரப்போவதில்லை என்று இனி எழுதாதே. அரசாங்கப் பலகையில் நீ இங்கே இருக்கிறாய்.

உன் மாமன்,
அளவைக்காரர்களை வென்றவன், காலிக் கிடங்கின் கோமான்,
உர்சினஸ்.

அத்தையின் திருத்தம்: தாலாட்டு நாற்பத்தேழு அடி இல்லை, பதினைந்து இருக்கும். ரொட்டி ஆறு என்பது சரி. ஜன்னலைப் பார்த்துப் பேசியது பற்றி அவர் எழுதியிருக்கக் கூடாது.


அதே வீடு.
பத்தாம் வருடம், பேரிமரம் மொட்டு விட்டிருக்கிறது.

என் தலாசியாவுக்கு, மாமா எழுதுவது.

உன் கடிதம் மூன்றே வரி. நர்போ துறைமுகத்திலிருந்து அதைக் கொண்டுவந்த வியாபாரி, வழியில் மற்ற செய்திகளையும் சொன்னான். வண்டால் படையினர் கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவில் இறங்கிவிட்டார்களாம். கார்த்தேஜிலிருந்து போகிற கப்பலில் எல்லாம் ஆளாக இருக்கிறதாம். நீ அதையெல்லாம் எழுதவில்லை. ரொகாட்டஸ் போன இலையுதிர் காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று ஒரு வரி. பிள்ளைகள் நலம் என்று ஒரு வரி. மூன்றாவது வரி: "மாமா, அங்கே எனக்கு இடம் இருக்குமா?"

ரொகாட்டஸின் பேச்சைப் பற்றி நான் எழுதிய கேலியெல்லாம் வெறும் கேலி. ஒருமுறை அவன் பேசிக் கேட்டிருக்கிறேன். உன்னைப் பெண் கேட்டு வந்த அன்று. நல்ல பேச்சு. அதனால்தானே கொடுத்தோம். அவனுக்காக இரண்டு கோயிலிலும் ஜெபம் சொல்லியிருக்கிறோம். எது முதலில் போய்ச் சேருமோ சேரட்டும்.

மூன்றாவது வரிக்கு வருகிறேன். அதைப் படித்துவிட்டு உன் அத்தை கரண்டியைக் கீழே போட்டாள். ஹில்தோராவுக்கு வாசித்துக் காட்டினோம். அவள் இப்போது நம் பேச்சை நம்மைவிட நன்றாகத் திட்டுகிறாள். "என்ன கேள்வி இது? மரத்துக்கிட்ட கேட்டா மரமே சொல்லுமே!" என்றாள். சொல்லிவிட்டு மேலாடை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பாலாடைக் கட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

இடம் இருக்கிறது. நீல அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. குந்தமரும் தம்பியும் அடித்தார்கள். மேலே எட்டுவதற்கு அவர்களுக்கு ஏணி வேண்டாம். டால்ஃபினுக்கு இன்னும் ஒரு கண்தான். நீ எடுத்துப் போனது உன்னிடமே இருந்தால் கொண்டு வா.

கப்பல் பிடித்து நர்போவுக்கு வந்துவிடு. வைகாசி தொடக்கத்திலிருந்து குந்தமர் துறைமுகத்தில் காத்திருப்பான். நீ அவனைப் பார்த்ததில்லை. கவலை வேண்டாம், கூட்டத்தில் பாதிக்கு மேல் தெரிகிற ஆள் அவன்தான். கொண்டுவருவது அவர்கள் முதல்முதலில் வந்த அதே வண்டி. பத்து வருடமாகக் கோழி அடைத்திருந்தோம். ஹில்தோரா அதைக் கழுவி, உள்ளே கம்பளி விரித்து வைத்திருக்கிறாள். வண்டியில் பிறந்தவள், எங்கே குலுங்கும், எங்கே குழந்தையைப் படுக்க வைக்கலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். படுக்கை, பாத்திரம் எதையும் சுமந்து வராதே. இரண்டு மூக்குகளைக் கொண்டு வந்தால் போதும்.

உன் பெண்களுக்கு இங்கே ஏழு விளையாட்டுத் தோழர்கள் இருக்கிறார்கள், ஃபிரிதிலாவுடைய நால்வர் தனி. எல்லோருக்கும் உன் பெயர் தெரியும். சின்னவன் மட்டும் நீ மரத்துக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். வந்து நீயே அவனிடம் பேசிக்கொள்.

ஒரு சட்டச் சிக்கல் மட்டும் இருக்கிறது. அரசாங்கப் பலகையின்படி நீ நான்கு வருடமாகக் குளித்துக்கொண்டிருக்கிறாய். இன்னும் தொட்டியை விட்டு ஏறவில்லை. நகரத்தில் யாராவது அந்தப் பலகையைப் புரட்டினால் மாமன் பொய்யனாகிவிடுவேன். ஆகவே நீ வந்து இறங்கியதும், பேசுவதற்கு முன்னால், அழுவதற்கு முன்னால், நேரே மேற்குக் கட்டுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம் என்று குந்தமர் சொல்லிவிட்டான். செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் வை. உலையை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலையே மூட்டிவிட்டேன். நீ வருவதற்கு இரண்டு மாதமாகும் என்கிறாள் உன் அத்தை. ஆகட்டும். தரை சூடாக நேரமெடுக்கும்.

கடல் உன்னையும் பெண்களையும் அலுங்காமல் தூக்கி வந்து இந்தக் கரையில் வைக்கட்டும். சீக்கிரம் வா, கண்ணு.

மாமா.

தலாசியா, அத்தை எழுதுகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இந்த முறை திருத்துவதற்கு ஒன்றுமில்லை.